முறுக்குக்கு ஒதுக்கிய சூடு

குன்னூரில் ஒரு வீட்டுப் பாம்பு நான்கு வருடமாக ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டிருந்தது. பத்து நாளைக்கு ஓர் எலி. மொத்தம் நூற்று நாற்பத்தாறு எலி. பதிவேட்டைப் பார்த்ததும் தவமணி சிரித்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்தாள்.

வெப்பப் பங்கீட்டு வாரியத்தில் அவளுக்கு 'பிற உயிர்கள்' பிரிவு. மலை முழுக்க முப்பத்தொரு பாம்பு வீடுகள் அவள் பொறுப்பு. எல்லாமே ஒரே சாதிப் பாம்பு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், விஷம் கிடையாது. சாப்பாட்டு விஷயத்தில் அதைப்போல ஒரு பிடிவாதக்காரன் உலகத்தில் இல்லை. குளிர் கொஞ்சம் தட்டினால் சாப்பிடாது. இடம் மாற்றினால் சாப்பிடாது. ஒரு காரணமும் இல்லாமல் ஐந்து மாதம் சாப்பிடாது. மற்ற முப்பது வீட்டுப் பதிவேடுகளிலும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வார்த்தைதான்: சாப்பிடவில்லை, சாப்பிடவில்லை, சாப்பிடவில்லை.

இந்த வீட்டில் மட்டும் ஒரு தடவைகூட இல்லை. போதாததற்குச் சில்லு எண் என்ற கட்டமும் நான்கு வருடமாகக் காலி. பாம்பின் தோலுக்கடியில் ஊசி போட்டுச் சில்லு வைக்க வேண்டும் என்பது விதி. மூன்று கடிதம் போயிற்று. பதில் இல்லை.

பாம்பே இல்லை என்பது தவமணியின் முடிவு. இருந்தால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வானத்தில் தூசு தூவ ஆரம்பித்தார்கள். வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பினால் பூமி பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். பிழைத்துக்கொண்டது என்பதும் உண்மைதான். கீழே சமவெளியில் சித்திரை மாதம் மனிதர்கள் மறுபடியும் தெருவில் நடந்தார்கள். அதற்கான விலையை மலை கொடுத்தது. ஐப்பசியில் விழ ஆரம்பிக்கும் உறைபனி பங்குனி வரைக்கும் போகவில்லை. தேயிலை கருகியது. பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியது. மீதிப் பேருக்கு மின்சாரம் போதவில்லை, அதனால் சூட்டைப் பங்கிட்டார்கள்.

பங்கிடுவதற்கு ஒரு கருவி. உள்ளங்கை அளவு, கூரைக்குக் கீழே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நிமிடத்துக்கு ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் போடும். அதற்கு வாரியம் வைத்த பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. ஜனங்கள் பல்லி என்றார்கள். அறையில் எத்தனை உடம்பு இருக்கிறது என்று உடம்புச் சூட்டை வைத்தே அது எண்ணும். ஆள் இருக்கும் அறைக்குத் தலைக்கணக்குப்படி பதினெட்டு டிகிரி வரை. ஆள் இல்லாத அறைக்கு ஒன்றுமில்லை. வெறும் அறையைச் சூடாக்கி வீணாக்க இங்கே யாருக்கும் வக்கில்லை.

நியாயமான ஏற்பாடுதான். தவமணி அதை நம்பினாள். நம்பாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

*

வண்டியில் பின்னால் ஒரு தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் தலையணை உறை, உறைக்குள் ஒரு பாம்பு, பக்கத்தில் வெந்நீர் பாட்டில். அன்று காலை ஊட்டியில் ஒரு வீட்டைப் பூட்டு உடைத்துத் திறந்தபோது கிடைத்தது. வீட்டுக்காரர்கள் கீழே இறங்கிப் போய் மூன்று நாள். தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள்.

கீழே இருந்த உயிரியல் பூங்கா இடமில்லை என்றது. உரிமம் உள்ளவர் யாராவது மாலைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிடுவார். முப்பது பேரில் பத்துப் பேரைக் கேட்டுவிட்டாள். எல்லோரும் ஒரே பதில்: "ஒண்ணுக்கே சோறு ஊட்ட முடியலைங்க."

குன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் பாட்டிலை நீட்டினாள். கடைக்காரர் ஊற்றிக்கொண்டே வண்டியை எட்டிப் பார்த்தார்.

"உள்ளாற யாருங்க்கா? கொழந்தையா?"

"பாம்பு."

வெந்நீர் அவர் கையில் கொட்டியது. "ஏங்க்கா, டீக்கடையில வந்து... சர்க்கரை போடவா வேண்டாமா, அதையாச்சும் சொல்லுங்க."

"சும்மா ஊத்துங்கண்ணா. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வெந்துரும்."

"பாம்புக்கு வெளாவின வெந்நி. என் பொண்டாட்டிக்கு இன்னிக்குப் பச்சைத் தண்ணி." அவர் பாட்டிலை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டிக்குத் திரும்பி உறையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே லேசாக ஏதோ நகர்ந்தது. இரக்கம் என்றெல்லாம் இல்லை. ஊசி போட வைத்தால் நான்கு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

*

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருவத்தில் மைதா. பெயர் ஜெசிந்தா, உரிமம் அவள் தம்பி ஃபெலிக்ஸ் பெயரில். அவளுக்கு வர்க்கி போடும் பேக்கரியில் அடுப்படி வேலை என்பதைப் படிவத்தில் பார்க்கும் முன்பே வாசனை சொன்னது.

அடையாள அட்டையைப் பார்த்ததும் ஜெசிந்தாவின் முகம் தொங்கிப்போனது. ஆனால் வாய் தயாராக இருந்தது.

"வாங்க மேடம். பாம்பு படுத்திருக்குங்க. சட்டை உரிக்கிற நேரம், தொந்தரவு பண்ணக் கூடாது."

"பத்தாம் தேதி உரிச்சதா எழுதியிருக்கீங்களே."

"அது... இன்னொரு சட்டை."

தவமணி உள்ளே போனாள். நீளமான அறை. மலைவீடுகளில் இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவரை இடித்து ஒன்றாக்கியதுபோல இருந்தது. ஒரு முனையில் பீங்கான் குமிழ்கள் மூன்று, சிவக்காமல், ஒளி இல்லாமல், சூட்டை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேல் வெயில் ஒளி தரும் குழல் விளக்கு. மறு முனையில் ஒன்றுமில்லை, ஒரு ஜன்னலும் ஒரு மேசையும்தான். கண்ணாடிப் பெட்டி சூடான முனையில் இருந்தது. அதன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒருவன், முழங்கையை வைத்துத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். கை விரல்கள் மடங்கியே இருந்தன.

அறை முழுவதும் சூடாக இருந்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. பிற உயிர்கள் இணைப்பு விதியை எழுதியவர் வாழ்நாளில் பாம்பு பார்த்ததில்லை. பெட்டி என்று எழுத வேண்டிய இடத்தில் அறை என்று எழுதிவிட்டார். 'பாம்பு உள்ள அறையின் ஒரு முனை முப்பத்திரண்டு டிகிரியும் மறு முனை இருபத்தைந்து டிகிரியும் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வெயில் ஒளி.' முப்பத்தொரு வீட்டிலும் குடும்பமே பாம்பு அறையில்தான் பாய் போட்டுப் படுக்கிறது. வாரியத்துக்கும் தெரியும். பாம்பு அறையில் மனிதர் இருக்கக் கூடாது என்று விதி இல்லை. பாம்பு இருக்க வேண்டும், அது மட்டும்தான் விதி.

அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கவிழ்த்து வைத்திருந்த பாதிப் பானையைத் தூக்கினாள். பழுப்பு நிற மஃப்ளர் ஒன்று வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நுனியில் இரண்டு சட்டைப் பொத்தான்.



"அக்கா, அப்பவே சொன்னேன்," என்றான் ஃபெலிக்ஸ். "அதுக்குக் கண்ணு வேற வெச்சிருக்கா பாருங்க மேடம்."

"வாயை மூடுடா."

"பொத்தான் ரெண்டும் ஒரே கலராச்சும் வெச்சிருக்கலாம்."

தவமணி மஃப்ளரை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. எப்போ செத்துச்சு?"

*

செத்தது ஆறு வருடத்துக்கு முன்னால். பெயர் முறுக்கு. சுருண்டு கிடந்தால் அப்படியே தீபாவளித் தட்டில் வைக்கலாம்போல இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஃபெலிக்ஸ் கல்லூரி முடித்த வருடம் வாங்கி முறையாகப் பதிவு செய்தது.

"அதுக்கு எலி வாங்கத்தான் மேடம் போனேன்," என்றான் ஃபெலிக்ஸ். "டிசம்பர் காலைல. மூணாவது கொண்டை ஊசி வளைவுல ரோடே கண்ணாடி மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எலி ஒரு பக்கம். எலி மட்டும் நல்லா ஓடுச்சாம், பார்த்தவங்க சொன்னாங்க."

கழுத்தெலும்பு முறிந்தது. அக்காவும் தம்பியும் மூன்று வாரம் கீழே ஆஸ்பத்திரியில். வீட்டில் உடம்புச் சூடு உள்ள உயிர் எதுவும் இல்லை என்று பல்லி கண்டுபிடித்துச் சூட்டை நிறுத்திவிட்டது. பாம்புக்கு உடம்புச் சூடு கிடையாது. சுற்றியிருப்பது எவ்வளவோ, அதுவும் அவ்வளவு. ஆகையால் பல்லிக்கு முறுக்கு ஓர் உயிர் இல்லை, ஒரு தலையணை.

அந்தக் குளிர்காலத்தில் அப்படி நூற்றுக்கணக்கில் வளர்ப்புப் பிராணிகள் செத்தன. வழக்குப் போட்டார்கள். அதில் வந்ததுதான் பிற உயிர்கள் இணைப்பு.

"சரி. இணைப்பு வந்தப்போ செத்துப்போச்சுன்னு ஒரு வரி எழுதிப்போட வேண்டியதுதானே?" என்றாள் தவமணி.

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து இரண்டு உறைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். இரண்டிலும் வாரியத்தின் முத்திரை. இரண்டிலும் ஒரே தேதி.

முதல் கடிதம்: தங்கள் வீட்டுப் பாம்புக்கு இன்று முதல் சூடு ஒதுக்கப்படுகிறது. இரண்டாவது: திரு. ஃபெலிக்ஸுக்குக் கூடுதல் சூடு கேட்ட விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மனித உடல் தனக்குத் தேவையான சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதால்.

"மூணு தடவை எழுதினேன் மேடம். டாக்டர் சர்டிபிகேட்டோட. இவனுக்குக் கழுத்துக்குக் கீழ அந்த வேலை நடக்கலைன்னு. வேர்க்காது. நடுங்காது. ரூம் பத்துன்னா இவனும் மெல்ல மெல்ல அங்க எறங்கிருவான். ஆஸ்பத்திரில வேணா வெச்சுக்கலாம்னாங்க. அங்க எல்லாருக்கும் ஒரே சூடு. இவனுக்கு மத்தியானம் ஜுரம் மாதிரி கொதிக்கும், காலைல ஐஸாட்டம் கெடப்பான். திருப்பி எடுத்துட்டு வந்தேன்."

"கம்பளி? மின் கம்பளி?"

"கம்பளி இருக்கற சூட்டைக் காக்கும் மேடம். இல்லாததை எங்க இருந்து காக்கும்?" என்றான் ஃபெலிக்ஸ். "மின் கம்பளி போட்டு ஒரு தடவை தொடை வெந்துபோச்சு. எனக்குத் தெரியவே இல்ல. வாசனை வந்துதான் அக்கா ஓடி வந்தா." அவன் முழங்கையால் நாற்காலியின் பிடியைத் தள்ளினான். நாற்காலி சூடான முனையிலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. "பாம்புக்கு எப்படி வெக்கணும் தெரியுமா? ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. நடுவுல அதுவா போய் வரும். நாம தூக்கி வெக்கக் கூடாது. எல்லா இடமும் ஒரே சூடா வெச்சா எது சரியான சூடா இருந்தாலும் செத்துரும். காலைல நான் அந்தக் கோடி. சோறு தின்னப்புறம் ஜன்னல் பக்கம். நாலு வருஷமா என்னை யாரும் போர்த்தி விடலை, யாரும் போர்வையை எடுக்கலை. நானே போறேன், நானே வர்றேன்."

முறுக்குக்கு ஒதுக்கிய சூட்டில் இவன் வாழ்கிறான். விதிப்புத்தகத்தில் மனிதனுக்கு எழுதியதைவிடப் பாம்புக்கு எழுதியது நன்றாக இருந்திருக்கிறது.

தவமணிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. தெரியாத கோபம் வந்தால் அவள் விதிப்படி நடந்துகொள்வாள்.

"பொய்க் கணக்குன்னு சந்தேகம் வந்தா ஒரு சோதனை பண்ணணும்," என்றாள். "ஒதுக்கீட்டை நாப்பது நிமிஷம் நிறுத்தி வெச்சு, பல்லி எத்தனை பேர்னு காட்டுதோ அதைப் பதியணும். யாரும் போர்வை போர்த்தக் கூடாது. கதவைத் திறந்து வெக்கணும்."

"மேடம், வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "நான் எழுதினது பொய்தான். கையெழுத்துப் போட்டுத் தர்றேன். சோதனை வேண்டாம்."

"சோதனை இல்லாம நான் எதுவும் எழுத முடியாது. நிறுத்தவும் முடியாது, விடவும் முடியாது."

"விடுக்கா," என்றான் ஃபெலிக்ஸ். "நாப்பது நிமிஷம்தானே. நீ போய் வர்க்கி எடுத்துட்டு வா."

*

மணி மூன்று பத்துக்குத் தவமணி விசையைத் திருப்பினாள்.

வெளியே ஆறு டிகிரி. திறந்த கதவு வழியாக மூடுபனி வீட்டுக்காரன்போல உள்ளே வந்தது. தகரக் கூரை சூட்டை விட்டுச் சடசடவென்று சுருங்கியது. தவமணியின் கையில், பல்லி பார்ப்பதைக் காட்டும் திரை. மூன்று ஆரஞ்சு உருவங்கள். எண்: 3.

முதல் பத்து நிமிடம் பேச்சு ஓடியது. நூற்று நாற்பத்தாறு எலியைப் பற்றி அவள் கேட்டாள்.

"அதுலதான் மாட்டினீங்க. இந்தப் பாம்பு இப்படிச் சாப்பிடாது. பாம்பு வளர்த்தவருக்கு இது தெரியாதா?"

"நான் எழுதினதில்ல மேடம்," என்றான் ஃபெலிக்ஸ். "எழுதறது இவ. நான் தலையால அடிச்சுக்கிட்டேன். நடுவுல நாலு தடவை சாப்பிடலைன்னு போடுக்கா, அப்பதான் நம்புவாங்கன்னு. கேட்டாத்தானே."

"எப்படிங்க எழுதறது?" என்றாள் ஜெசிந்தா. "நம்ம வீட்ல ஒரு ஜீவன் இருக்கு, அது சாப்பிடலைன்னு எழுதவா? கை வரலை. ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பேன். பாவம், சாப்பிட்டுப் போகட்டும்னு போட்டுருவேன்."

"செத்த பாம்பு அக்கா அது."

"அதனால என்னடா? செத்துட்டா பட்டினியா?"

தவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது பல் தந்தியடித்தது. ஜெசிந்தாவும் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நடுங்கினார்கள். ஃபெலிக்ஸ் மட்டும் நடுங்கவில்லை. சட்டைப் பொத்தான்கள் திறந்தபடி, நாற்காலியில் நிம்மதியாக இருப்பவன்போல உட்கார்ந்திருந்தான். யாராவது அந்த நேரத்தில் உள்ளே வந்து பார்த்தால் மூன்று பேரில் அவனுக்குத்தான் குளிரவில்லை என்பார்கள்.

பதினெட்டாவது நிமிடம் அவன் பேச்சில் இடைவெளி விழுந்தது. இருபத்திரண்டில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தான். ஜெசிந்தா அவன் கன்னத்தில் புறங்கையை வைத்தாள். தவமணி தடுக்கவில்லை.

திரையில் அவன் மங்கிக்கொண்டிருந்தான். முதலில் கைகள் சுவரின் நீலத்துக்குள் போயின. பிறகு தோள். நெஞ்சில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு, அணைந்துபோன அடுப்பில் கடைசிக் கங்குபோல. அது மங்கும் முன்னாலேயே பல்லி முடிவெடுத்துவிட்டது.

டிக்.

எண்: 2.

தவமணி திரையைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தாள். மூன்று பேர் இருந்தார்கள். திரையை மறுபடி பார்த்தாள். இரண்டு. அவள் கிளம்பிப் போனால் ஜெசிந்தா ஒருத்திக்கான சூட்டைத்தான் இனி இந்த வீட்டுக்குப் பல்லி கேட்கும். இவன் தனியாக இருக்கும் நேரத்தில் ஒன்றுமே கேட்காது. குளிர்ந்தால் இவன் அதற்குத் தெரிய மாட்டான். தெரியாவிட்டால் சூட்டைக் குறைக்கும். குறைத்தால் இன்னும் குளிர்வான். நடுவில் யாரும் தப்புச் செய்ய வேண்டியதே இல்லை. கருவி சரியாக வேலை செய்தாலே போதும்.

இருபத்தாறாவது நிமிடம் அவள் விசையைத் திருப்பினாள். கதவைக் காலால் எட்டிச் சாத்தினாள். நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துச் சூடான முனைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"நாப்பது நிமிஷம்னீங்க," என்றான் ஃபெலிக்ஸ். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"கடிகாரம் வேகமா ஓடுது. பேசாம இருங்க."

ஜெசிந்தா அவன் கால்களைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். சத்தமில்லாமல், வேலையை நிறுத்தாமல்.

தவமணி வெளியே போனாள். அவர்கள் அவள் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் தெர்மோகோல் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

*

வெந்நீர் பாட்டில் ஆறிப்போயிருந்தது. தலையணை உறையை அவிழ்த்ததும் பாம்பு அவள் கையில் ஈரக் கயிறுபோலத் தொங்கியது. ஜெசிந்தா ஒரே தாவலில் ஜன்னல் முனைக்குப் போனாள்.

"ஐயோ மாதாவே! என்னங்க அது!"

"உங்க பாம்பு."

"எங்க பாம்பு செத்துப்போச்சுங்க!"

"அக்காவுக்குப் பாம்புன்னாப் பயம் மேடம்," என்றான் ஃபெலிக்ஸ். அவன் நிறம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கண் மட்டும் பாம்பைவிட்டு நகரவில்லை. "முறுக்கு இருந்த எட்டு வருஷத்துல ஒரு தடவை தொட்டதில்ல. சாப்பாடு மட்டும் ஞாபகமாக் கேப்பா." மடங்கிய கைகளை முன்னால் நீட்டினான். "என் மேல வையுங்க. கட்டைவிரல் பக்கம் மட்டும் எனக்கு உணர்ச்சி இருக்கு."

வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பீங்கான் குமிழின் சூடு இரண்டு பேர்மேலும் ஒன்றாக இறங்கியது. வெகுநேரம் கழித்துப் பாம்பின் தலை ஓர் அங்குலம் நகர்ந்தது. நாக்கு வெளியே வந்து அவன் மணிக்கட்டைத் தொட்டது.

"தெரியுது," என்றான்.

தவமணி படிவத்தை மேசைமேல் விரித்தாள். இறந்த பாம்புக்கு ஒதுக்கீடு வாங்கியது குற்றம். அதை எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைக் காலியாக விட்டு மற்றக் கட்டங்களுக்குப் போனாள். 'பாம்பு நேரில் பார்க்கப்பட்டதா?' ஆம். 'உயிருடன் உள்ளதா?' ஆம். 'சில்லு எண்?' இந்தப் பாம்பின் கழுத்துப் பக்கம் கருவியை வைத்துப் படித்துப் பன்னிரண்டு இலக்கத்தையும் எழுதினாள். எதுவும் பொய் இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது, அது இனி அவளோடு வீட்டுக்கு வரும். வரட்டும்.

"பேர் என்ன எழுதறது? பழைய வீட்ல ராணின்னு வெச்சிருந்தாங்க."

"ராணியா? இந்த ஒடம்புக்கா?" என்றான் ஃபெலிக்ஸ். "முறுக்குன்னும் சொல்ல முடியாது. முறுக்கு நல்ல தடி."

ஜன்னல் முனையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. "தேன்குழல்னு வைங்க. அது கொஞ்சம் மெலிசா இருக்கும்."

*

அன்று தவமணி இன்னொரு படிவமும் நிரப்பினாள். கருணை கேட்டு எழுதும் விண்ணப்பங்களுக்கு வாரியம் பதில் சொல்லும், சொல்லாமலும் இருக்கும். கருவி பழுது என்று புகார் வந்தால் முப்பது நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவள் பழுது என்று எழுதினாள். 'அறையில் மூன்று பேர் இருக்கும்போது கருவி இரண்டு என்று எண்ணியது. மூன்றாமவர் அதற்குப் பிறகும் என்னிடம் பேசினார்.' திரையின் பதிவை இணைத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் தொழில்நுட்பக்காரர் ஒருவர் வந்தார். பல்லியைக் கழற்றிச் சோதித்துவிட்டுக் கருவியில் குறை இல்லை என்றார். அப்படியென்றால் அது எண்ணியது சரியா என்று தவமணி கேட்டாள். அவர் அந்தக் கேள்வியை வாரியத்துக்கு எழுதினார். மலை முழுக்கப் பழைய பதிவுகளைத் தோண்டச் சொன்னார்கள். ஆள் இருந்தும் எண்ணாத வீடுகள் அறுபத்து நான்கு அகப்பட்டன. முதுகெலும்பு முறிந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், படுக்கையோடு கிடந்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது இல்லை. எத்தனை பேர் என்பதை எண்ண எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மாசி மாதம் சுற்றறிக்கை வந்தது. இனிப் பல்லியின் எண்ணிக்கையோடு வீட்டுக்காரர் சொல்லும் எண்ணிக்கையையும் பதிய வேண்டும். இரண்டும் வேறானால் வீட்டுக்காரர் சொல்வதே செல்லும். அறுபத்து நான்கு வீட்டுக்கும் ஒரு முனை முப்பத்திரண்டு, மறு முனை இருபத்தைந்து. பாம்பு விதியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். 'பன்னிரண்டு மணி நேரம் வெயில் ஒளி' என்ற வரியைக்கூட எடுக்க மறந்திருந்தார்கள். தவமணி அதை யாருக்கும் சுட்டிக்காட்டவில்லை.

ஃபெலிக்ஸுக்கு இனிப் பாம்பு தேவையில்லை. விரும்பினால் திருப்பித் தரலாம் என்று அவள் கடிதம் போட்டாள். பதில் இல்லை.

அதற்குப் பதிலாகப் பதிவேடு வந்தது. பத்து நாளைக்கு ஒரு வரி, ஜெசிந்தாவின் குண்டு எழுத்து. முதல் வரியில் ஏதோ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, கடைசியில் எழுத்துகள் கோணலாக: சாப்பிடவில்லை. அடுத்த வரி: சாப்பிடவில்லை. அடுத்தது: சாப்பிடவில்லை, நான் எவ்வளவோ கெஞ்சினேன். அடுத்தது: சாப்பிடவில்லை. அடுத்தது: சாப்பிடவில்லை, ஃபெலிக்ஸ் இது சகஜம் என்கிறான், எனக்கு மனசு கேட்கவில்லை.

பதினோரு வரி அப்படி. தவமணி ஒவ்வொன்றாக முத்திரை வைத்துக்கொண்டே போனாள். இத்தனை வருடத்தில் அவள் பார்த்த பதிவேடுகளிலேயே நம்பகமானது அதுதான்.

பன்னிரண்டாவது வரி சித்திரை ஐந்தாம் தேதி.

இன்று சாப்பிட்டது. சத்தியமாக.